கும்பகோணத்திலிருந்து காசிக்கு ஒரே ரயில்: அம்மாவோடு போய்வந்த பன்னிரண்டு நாள்

மகாளய அமாவாசை அன்று காலை ஏழு மணிக்குள் தர்ப்பணத்தை முடித்துவிட்டுக் கணினியின் முன்னால் உட்கார்ந்தேன். 2025 செப்டம்பர் 21, ஞாயிற்றுக்கிழமை. எட்டு மணிக்கு முன்பதிவு திறக்கும். அம்மா ஜபமாலையோடு எனக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எட்டு அடித்துச் சில நிமிடங்களில் கும்பகோணத்திலிருந்து பிரயாக்ராஜ் சியோகி வரை நான்கு பேருக்கும் மூன்றடுக்கு ஏசியில் இடம் உறுதியானது. அம்மாவுக்கு 81 வயது. சித்திக்கு 72. இருவருக்கும் கீழ்ப்படுக்கை. எனக்கும் மனைவிக்கும் அதே பெட்டியில் மூன்று வரிசை தள்ளி நடுப்படுக்கையும் மேல்படுக்கையும். அந்தக் காலைதான் எங்கள் யாத்திரையின் முதல் நாள் என்று இன்றும் நினைக்கிறேன். அதற்குப் பிறகு நடந்த நல்லவை எல்லாம் அந்த இரண்டு டிக்கெட்டுகளிலிருந்து வந்தவை.

இரண்டு டிக்கெட் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. மூத்தோருக்கான கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு ஆண்களுக்கு 60 வயதிலிருந்தும் பெண்களுக்கு 45 வயதிலிருந்தும் கிடைக்கிறது. ஆனால் ஒரு டிக்கெட்டில் ஒருவரோ இருவரோ மட்டும் இருக்க வேண்டும். அந்த இருவருமே வயதுத் தகுதி உள்ளவர்களாக இருக்க வேண்டும். குடும்பம் பிரிந்துவிடக் கூடாது என்று நான்கு பேரையும் ஒரே டிக்கெட்டில் போட்டால் அந்த ஒதுக்கீடு கைவிட்டுப் போய்விடும். பிறகு எண்பது வயதுத் தாயாரை மேல்படுக்கைக்குக் கீழே நிறுத்திவைத்துக்கொண்டு, எதிரில் இருக்கும் இளைஞரிடம் கெஞ்ச வேண்டியிருக்கும். அம்மாவையும் சித்தியையும் ஒரு டிக்கெட்டில் அந்த ஒதுக்கீட்டில் போட்டேன். நாங்கள் இருவரும் பொது ஒதுக்கீட்டில் வேறு டிக்கெட். மூத்தோருக்கான கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. இந்தப் படுக்கை வசதியாவது மிச்சம் இருக்கிறது, அதைத் தவறவிடாதீர்கள்.

இன்னொரு கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 2024 நவம்பர் முதல் முன்பதிவுக்கான காலம் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்துவிட்டது. அந்த 60 நாளும் ரயில் தொடங்கும் ஊரில் கிளம்பும் தேதியைக் கொண்டு எண்ணப்படுகிறது. நாங்கள் ஏறியது வெள்ளிக்கிழமை விடியற்காலை, ரயில் கன்னியாகுமரியில் கிளம்பியது வியாழன் இரவு. ஏறும் நாளை வைத்து எண்ணியிருந்தால் ஒரு நாள் பிந்தியிருப்பேன். வாரம் ஒருமுறை ஓடும் ரயிலுக்கு ஒரு நாள் பிந்துவது பெரிய இழப்பு.

நாங்கள் போனது கன்னியாகுமரி–பனாரஸ் காசி தமிழ்ச் சங்கமம் எக்ஸ்பிரஸ். 2023 டிசம்பரில் தொடங்கிய ரயில். மதுரை, திருச்சி, தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, சிதம்பரம் என்று நம் கோயில் ஊர்களையெல்லாம் தொட்டுக்கொண்டு சென்னை வழியாக வடக்கே ஏறுகிறது. டெல்டாக்காரர்களுக்கு இதன் அருமை தெரியும். முன்பெல்லாம் காசிக்குப் போவதென்றால் சென்னைக்கு ஒரு ரயில், எழும்பூரிலிருந்து சென்ட்ரலுக்கு ஆட்டோ, அங்கே அரை நாள் காத்திருப்பு, பிறகுதான் காசி ரயில். மூட்டை முடிச்சோடும் வயதானவர்களோடும் அந்த மாற்றம் ஒன்றே பாதி உயிரை வாங்கிவிடும். இப்போது வீட்டிலிருந்து பத்து நிமிடத்தில் ரயிலடி. ஏறினால் அடுத்த நாள் இரவு பிரயாகை.

இந்த முறை எல்லாவற்றையும் நானே திட்டமிட்டதற்கு ஒரு பழைய காயம் காரணம். 2019இல் ஒரு யாத்திரை நிறுவனத்தோடு அம்மாவை அழைத்துக்கொண்டு போனேன். ஒன்பது நாளில் பதினான்கு கோயில்கள் என்று அழகான தாளில் அச்சடித்துக் கொடுத்தார்கள். கயாவில் இரண்டரை மணி நேரம். அப்பாவின் சிராத்தத்தில் பிண்டம் உருட்டிக்கொண்டிருக்கும்போதே பஸ்ஸிலிருந்து ஹாரன் அடித்தார்கள். பிண்டம் வைக்க வேண்டிய ஆலமரமான அட்சய வடத்துக்குப் போகாமலே திரும்பினோம். அம்மா அன்று ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் வீடு வந்து சேர்ந்த பிறகு, "அப்பாவுக்கு அரைச் சோறு போட்டுவிட்டு வந்தோம்" என்றார். ஆறு வருடம் அந்த வார்த்தை எனக்குள் கிடந்தது. ஆகவே இந்த முறை பட்டியல் போடவில்லை. மூன்று தலங்கள், பன்னிரண்டு நாள். முதலில் திரும்பும் ரயிலின் தேதியைக் குறித்தேன். இந்த ரயில் பனாரஸிலிருந்து ஞாயிற்றுக்கிழமை திரும்புகிறது. சனிக்கிழமை இரவு இறங்கி, அடுத்த ஞாயிறு ஏறுவதென்றால் நடுவில் ஏழு முழு நாட்கள் கையில் இருக்கும். பிரயாகைக்கு இரண்டு, காசிக்கு இரண்டு, கயாவுக்கு இரண்டு, ஒரு நாள் சும்மா இருக்க. வயதானவர்களோடு போகிறவர்கள் அந்தச் சும்மா இருக்கும் நாளை வெட்டிவிடாதீர்கள்.

குழுவோடு போகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. இந்தி தெரியாதவர்கள், துணை இல்லாதவர்கள், சாப்பாட்டுக்கும் தங்குமிடத்துக்கும் அலைய முடியாதவர்களுக்கு பாரத் கௌரவ் போன்ற சுற்றுலா ரயில்கள் நல்ல ஏற்பாடு. ஆனால் பித்ரு காரியம் செய்யப் போகிறவர்கள், ஒவ்வொரு ஊரிலும் எத்தனை மணி நேரம் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு பணம் கட்டுங்கள்.

முறைப்படி காசி யாத்திரை ராமேஸ்வரத்தில் தொடங்கி ராமேஸ்வரத்தில் முடிய வேண்டும். ஐப்பசியிலேயே நாங்கள் ராமேஸ்வரம் போய்வந்துவிட்டோம். அக்னி தீர்த்தத்தில் சாஸ்திரிகள் கடல் மணலில் மூன்று லிங்கம் பிடித்துவைத்தார். சேது மாதவர், பிந்து மாதவர், வேணி மாதவர். பூசை முடிந்து இரண்டைக் கடலில் கரைத்துவிட்டு, வேணி மாதவரை மட்டும் மஞ்சள் துணியில் முடிந்து கொடுத்தார். அந்த முடிச்சு ஒரு மாதம் எங்கள் பூசையறையில் இருந்தது. பிறகு அம்மாவின் மடியில் இரண்டு நாள் ரயிலில் வந்தது. பெட்டிக்குள் வைக்கச் சொன்னால் கேட்கவில்லை.

ரயிலைப் பற்றி நான் அதிகம் சொல்ல விரும்புவது அதன் வழித்தடம். குளிக்கும்போது அம்மா சொல்லும் சுலோகத்தில் ஏழு நதிகள் வரும். கங்கை, யமுனை, கோதாவரி, சரஸ்வதி, நர்மதை, சிந்து, காவிரி. சிந்துவைத் தவிர மற்ற ஆறையும் இந்த ஒரு பயணம் கொண்டுவந்து சேர்க்கிறது. இதை ஏறும் வரை நானும் யோசித்ததில்லை. மயிலாடுதுறையைத் தாண்டியதும் காவிரி, சற்று நேரத்தில் கொள்ளிடம். நெல்லூர் அருகே பெண்ணாறு. விஜயவாடா நெருங்கும்போது கிருஷ்ணா, இருட்டிவிட்டது. கோதாவரி வரும்போது என்னை எழுப்பு என்று அம்மா சொல்லியிருந்தார். மஞ்சிரியாலுக்கு முன்னால் பாலத்தில் சக்கரத்தின் ஓசை மாறியதுமே அவராகவே எழுந்துவிட்டார். ஜன்னல் கண்ணாடியில் முகத்தை ஒட்டிவைத்துக்கொண்டு இருட்டைப் பார்த்துக் கும்பிட்டார். மறுநாள் இட்டார்சி தாண்டி, ஜபல்பூருக்கு முன்னால் பகல் வெளிச்சத்தில் நர்மதை. விமானத்தில் போனால் காசி சீக்கிரம் வந்துவிடும், ஆனால் இந்த ஆறுகள் வராது. கால் வலியையும் இரண்டு இரவுத் தூக்கத்தையும் இதற்காகக் கொடுக்கலாம் என்பது என் தீர்மானமான கருத்து.

மூன்றடுக்கு ஏசியைத் தேர்ந்தெடுத்ததற்கு வருத்தமில்லை. போர்வை, விரிப்பு, தலையணை கொடுக்கிறார்கள், மூட்டை குறைகிறது. ஸ்லீப்பரில் போனால் அவற்றை நாமே கொண்டுபோக வேண்டும், நாகபுரிக்கு மேலே கார்த்திகைக் குளிர் இரவில் நன்றாகவே உறைக்கும். நடுப்படுக்கையை இரவு பத்து முதல் காலை ஆறு வரைதான் விரித்துவைக்கலாம் என்பது விதி. அம்மாவுக்கு எட்டு மணிக்கே கண்ணைச் சுழற்றும். எங்கள் பகுதியில் இருந்த திருநெல்வேலிக் குடும்பத்தினர் தாங்களாகவே முன்னதாக எழுந்து இடம் கொடுத்தார்கள். காத்திருப்புப் பட்டியல் டிக்கெட்டை நம்பி மட்டும் கிளம்பிவிடாதீர்கள். இணையத்தில் எடுத்தது உறுதியாகாவிட்டால் தானாகவே ரத்தாகிவிடும். கவுண்டரில் எடுத்ததை வைத்துக்கொண்டும் படுக்கை வசதிப் பெட்டியில் ஏற இப்போது அனுமதியில்லை.

சாப்பாட்டுக்கு என் மனைவி போட்ட கணக்கு சரியாக இருந்தது. முதல் நாள் காலைக்கு மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லி, மதியத்துக்கு தயிர்சாதம், இரவுக்குப் புளியோதரை. இரண்டாம் நாளுக்கு சப்பாத்தியும் தக்காளித் தொக்கும். தொக்கில் தண்ணீரே படாமல் எண்ணெயில் சுருள வதக்கியிருந்தார். தயிர்சாதத்தில் பாலை அதிகமாகவும் தயிரைக் குறைவாகவும் விட்டுப் பிசைந்தால் மதியம் வரை புளிக்காது. நாகபுரியில் விடிந்தபோது ஆரஞ்சு வாங்கினோம், சித்திக்கு அதுவே காலை ஆகாரம். தண்ணீருக்கு ரயில் நீர், ஒரு லிட்டர் 14 ரூபாய். அச்சடித்த விலையைத் தெரிந்துவைத்துக்கொண்டு சில்லறையாகக் கொடுத்தால் பேச்சே எழாது.

ரயிலில் சமைக்கலாம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து மறுத்துவிடுங்கள். 2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரையில், வடக்கிலிருந்து யாத்திரை வந்தவர்களின் தனிப்பெட்டி தீப்பிடித்து எரிந்தது. உள்ளே திருட்டுத்தனமாகக் கொண்டுவந்த எரிவாயு சிலிண்டர்தான் காரணம். அவர்களும் நம்மைப்போல சாமி கும்பிடப் புறப்பட்டவர்கள்தான். எங்கள் பெட்டியில் ஒருவர் காலையில் சூடம் ஏற்ற எடுத்தபோது நான் எழுந்துபோய்க் கையைப் பிடித்துத் தடுத்தேன். கோபித்துக்கொண்டார். பரவாயில்லை.

எங்கே இறங்குவது என்பதில் பலர் தடுமாறுகிறார்கள். பிரயாகை முதலில், பிறகு காசி, பிறகு கயா என்ற வரிசை வைத்தவர்கள் பனாரஸ் வரை போகாமல் சியோகியில் இறங்கிவிட வேண்டும். அது யமுனைக்குத் தெற்கே நைனி பக்கம் இருக்கிறது. பெரிய நிலையமான பிரயாக்ராஜ் சந்திப்பு ஆற்றுக்கு அந்தப் பக்கம். தங்குமிடத்தை நகருக்குள் போட்டால் யமுனைப் பாலத்தைத் தாண்டிப் போக வேண்டும். நாங்கள் இரவில் இறங்குவதால் நைனி பக்கமே ஒரு விடுதியைப் பேசிவைத்திருந்தோம். தரைத்தளம் என்று தொலைபேசியில் சொன்னவர்கள், போய் நின்றபோது இரண்டாவது மாடியைக் காட்டினார்கள். லிப்ட் கிடையாது. இரவு பத்து மணிக்கு வேறு வழியின்றி அம்மாவை ஒவ்வொரு படியாக ஏற்றினோம். அதுதான் இந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த ஒரே கசப்பு. தரைத்தள அறை என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், அறை எண்ணோடு.

திங்கட்கிழமை காலை அரயில் என்ற கரையிலிருந்து திரிவேணி சங்கமத்துக்குப் படகு. குளிர்காலத்துக்கு வந்திருக்கும் வெள்ளைக் கடற்பறவைகள் படகைச் சூழ்ந்து கத்திக்கொண்டே வருகின்றன. பச்சை ஓடிய யமுனையும் மண் நிறக் கங்கையும் ஒன்றையொன்று தொடும் கோடு கண்ணுக்கே தெரிகிறது. அங்கே அம்மா மடியிலிருந்த மஞ்சள் முடிச்சை அவிழ்த்தார். ராமேஸ்வரத்து மணல் ஒரு கைப்பிடி. நீரில் விட்டதும் கரைந்துபோனது. பிறகு வேணி தானம். மனைவியின் தலையை நான் வாரிப் பின்ன வேண்டும், நுனியைக் கத்தரித்து நதியில் விட வேண்டும். கல்யாணமாகி 34 வருடத்தில் அவர் தலையை நான் பின்னியது அதுவே முதல் தடவை. சித்தி பக்கத்திலிருந்து மூன்றாகப் பிரிக்கச் சொல்லிக்கொடுத்தார். சித்தப்பா போய்ப் பதினொரு வருடமாகிறது. மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டார், குளிரா வேறொன்றா என்று நான் கேட்கவில்லை.

காசியில் ரயில் நிலையத்தின் பெயரைச் சரியாகப் படித்துக்கொள்ளுங்கள். கன்டோன்மென்ட் என்று எல்லோரும் சொல்வது வாராணசி சந்திப்பு. பனாரஸ் என்பது 2021 வரை மண்டுவாடி என்று பெயர் கொண்டிருந்த வேறொரு நிலையம். இவை போக வாராணசி சிட்டி, காசி என்று இன்னும் இரண்டு. பழைய முகல்சராய், இப்போது பண்டித தீனதயாள் உபாத்யாயா சந்திப்பு, கங்கைக்கு அக்கரையில் பதினைந்து கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. கயா போகும் ரயில்கள் பல அங்கிருந்துதான் கிடைக்கும். காசி நெரிசலில் அந்தத் தூரத்துக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

தங்கியது அனுமன் கட்டத்துக்கும் கேதார கட்டத்துக்கும் நடுவே, தமிழ் காதில் விழும் சந்து ஒன்றில். கேதார கட்டத்தில் குமரகுருபரர் நிலைநிறுத்திய மடம், அனுமன் கட்டத்தில் பாரதி இளமையில் வாழ்ந்த வீடு, இரண்டையும் நடந்தே பார்த்தோம். விசுவநாதரின் இன்றைய கோயிலை 1780இல் அகல்யாபாய் கட்டுவித்தார். 2021இல் திறந்த புதிய வளாகத்தால் கங்கைக் கரையிலிருந்தே நேராக உள்ளே போக முடிகிறது. கைப்பேசிக்கு உள்ளே அனுமதியில்லை, அறையிலேயே வைத்துவிட்டுப் போவது நல்லது. அம்மாவைக் கூட்டத்தில் நிற்கவைக்க மனமில்லாமல் விடிவதற்கு முன்பே போனோம். தரிசனம் சில விநாடிகள். அம்மாவுக்கு அது போதுமாக இருந்தது. எனக்கு அதைவிட மனத்தில் நிற்பது நாட்டுக்கோட்டை நகரத்தார் சத்திரத்திலிருந்து பூசைப் பொருள்களைச் சுமந்துகொண்டு "சம்போ, சம்போ" என்று சொல்லிக்கொண்டே தெருவில் போனவர்கள். செட்டிநாட்டிலிருந்து வந்தவர்கள் இருநூறு வருடத்துக்கு மேலாக இதை விடாமல் நடத்துகிறார்கள். கூட்டம் தானாக வழிவிடுகிறது.

கயாவுக்கு வியாழக்கிழமை போனோம், வெள்ளி முழுவதும் அங்கே. சாஸ்திரிகளை ஊரிலிருந்தே தமிழில் பேசி ஏற்பாடு செய்திருந்தேன். தட்சிணை எவ்வளவு, பொருள்கள் யார் பொறுப்பு, எத்தனை இடத்தில் பிண்டம் என்று முன்கூட்டியே பேசிவிட்டதால் அங்கே யாரும் கையைப் பிடித்து இழுக்கவில்லை. பல்குனி நதியில் 2022இல் ரப்பர் அணை கட்டியதிலிருந்து கரையோரம் தண்ணீர் நிற்கிறது. 2019இல் மணலைத் தோண்டி எடுத்த ஞாபகம். நதிக்கரை, விஷ்ணுபாதம், அட்சய வடம், மூன்றும் ஆனது. காலை ஏழு மணிக்குத் தொடங்கி மதியம் இரண்டு மணி வரை. அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும், பெயர் தெரிந்த எல்லோருக்கும், பெயர் தெரியாதவர்களுக்கும். சித்தி தன் பக்கத்தில் பிள்ளையில்லாமல் போன ஒரு பெரியம்மாவின் பெயரைக் கடைசியில் நினைவுபடுத்திச் சொன்னார். சாஸ்திரிகள் பொறுமையாக இன்னொரு பிண்டம் வைக்கச் சொன்னார். யாரும் ஹாரன் அடிக்கவில்லை.

அட்சய வடத்தின் அடியில் ஒரு காய், ஒரு பழம், ஓர் இலையை விட்டுவிட வேண்டும். சித்தி பலாப்பழத்தை விட்டார். பண்ருட்டியிலிருந்து சித்தப்பா வருடாவருடம் சாக்கில் கட்டிக்கொண்டு வருவது அது.

சனிக்கிழமை காசிக்குத் திரும்பி ஒன்றும் செய்யவில்லை. அம்மா திண்ணையில் உட்கார்ந்து மாடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாலையில் கங்கைச் சொம்புகள் வாங்கினோம். திரிவேணியில் பிடித்த நீரைத் தனியாக ஒரு செம்பில் ஊற்றி, மூடியின் விளிம்பை ஈயத்தால் அடைத்துத் தருகிறார்கள். அடைத்த பிறகு தலைகீழாகக் கவிழ்த்துக் கால் மணி நேரம் வைத்துப் பாருங்கள். எங்களுடைய எட்டுச் சொம்புகளில் இரண்டு கசிந்தன. கடைக்காரர் மறுபேச்சில்லாமல் மீண்டும் பற்றவைத்துக் கொடுத்தார். பெட்டிக்குள் வைக்கும்போது வேட்டியில் சுற்றி நிமிர்த்தி வைக்க வேண்டும்.

ஞாயிறு மாலை பனாரஸில் ஏறினோம். திரும்பும் பயணத்தில் எல்லோரும் தூங்கினார்கள். செவ்வாய் விடியற்காலை சென்னையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. கும்பகோணத்தில் இறங்கியதும் அம்மா காவிரிப் பக்கம் திரும்பி ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் ஆட்டோவில் ஏறினார். இந்த ரயிலை நான் யாருக்குப் பரிந்துரைப்பேன் என்றால், டெல்டாவிலோ தெற்கிலோ இருந்துகொண்டு, வயதான பெற்றோரை அழைத்துப்போக நினைத்து, பன்னிரண்டு நாளை ஒதுக்க முடிந்தவர்களுக்கு. மார்கழி, தை மாதங்களில் வடக்கே பனிமூட்டத்தால் ரயில்கள் தாமதமாகும், அந்த இரு மாதங்களைத் தவிர்த்துவிடுங்கள். பத்து நாளுக்குக் குறைவாகத்தான் விடுப்பு என்றால் இந்த ரயில் உங்களுக்குப் பொருந்தாது, அடுத்த வருடம் போங்கள்.

மார்கழி பிறப்பதற்கு முன் மீண்டும் ராமேஸ்வரம். இரவு ரயிலில் போய் விடியும்போது புதிய பாம்பன் பாலத்தைத் தாண்டினோம். 1914இல் கட்டிய பழைய பாலம் பக்கத்திலேயே தெரிந்தது. இந்த முறை அம்மாவின் மடியில் சொம்பு. கோயிலில் குருக்கள் ஈய அடைப்பை உடைத்துச் சுவாமிமேல் ஊற்றும்போது சித்தி அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். வெறும் சொம்பைத் திருப்பிக் கொடுத்தார்கள். அதில்தான் இப்போது அம்மா தினமும் பூசைக்குத் தண்ணீர் பிடித்து வைக்கிறார்.